கேட்காத மனிதர்

கச்சிபௌலியில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பிசினஸ் அனலிஸ்ட் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எந்நேரமும் ஒரு மேதாவிச் சிரிப்பு. மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு வந்து எங்களிடம் சொல்வது அவர் வேலை. அப்படிக் கேட்பதுதான் அவருக்கு ஆகாது.

மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு மென்பொருள் செய்தோம். நோயாளியின் பெயரைப் பதியாமல் அடுத்த திரைக்குப் போகக்கூடாது என்றார்.

"நினைவில்லாம வர்றவங்களுக்கு என்ன சார் பண்றது? நர்ஸுங்ககிட்ட கேட்டீங்களா?"

"அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாதுப்பா. எனக்குத் தெரியும்."

முதல் வாரமே, விபத்தில் நினைவிழந்து வந்த இருவரை நர்ஸுகள் ஏதோ ஒரே பெயரில் பதிய, ஒருவருக்கான ரத்தம் மற்றவரின் கட்டில்வரை போய்விட்டது. ஒரு நர்ஸ் கவனித்துத் தடுத்தார்.

"நர்ஸுங்களுக்கு டிரெயினிங் பத்தல" என்று மெயில் அனுப்பிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு டீ குடிக்க இறங்கினார். கடைக்காரர் அவரிடம் இஞ்சி போடவா, சர்க்கரை எவ்வளவு என்று இந்தியில் விசாரித்தார். இவர் பேப்பர் கப் 'நக்கோ', அதாவது வேண்டாம், என்பதுவரை விளக்கினார். டீயை உறிஞ்சிவிட்டு என்னிடம் சொன்னார்: "கேட்டுப் போடறான் பாருங்க. அதான் நல்லா இருக்கு."

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னார்.