அம்மாவின் கையெழுத்து யாருக்கு

புலம்பெயர்ந்து நான் வாழும் பென்டில் ஹில்லிலிருந்து காரில் சிறிது தூரத்தில், மருத்துவமனைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஆலை ஒன்றில் நான் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருப்பவள் ஒரு தாய்லாந்துக்காரி. படுக்கை விரிப்புகள் மடிக்கும் பகுதியில் வேலை. ஆலையிலுள்ள தமிழ் ஆட்களைப் பார்த்து என்னை அக்கா என்பாள். மற்றப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்; இங்கே அதை என் பேச்சுத் தமிழில் தருகிறேன்.

இந்த மார்ச் முதல் வாரத்தில், ஜூன் கடைசியோடு வேலையை விடுவதாக அவள் கடிதம் தந்தாள். ஊரில் அவளுடைய அம்மாவால் நடக்க முடியவில்லை. இனிக் கூடவே இருந்து பார்க்கப் போகிறாள். அதற்கு முன் அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்றாள்.

என்ன கையெழுத்து என்று கேட்டேன். அவர்கள் நாட்டில் வரியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மார்ச் முடிவதற்குள் கணக்குக் காட்ட வேண்டும். பாங்காக்கில் அவள் வாடகைக்கு விட்டிருக்கும் சிறு வீட்டுக்காக அவளும் காட்டுகிறாள். வருமானத்தின் முதல் பகுதிக்கு வரி இல்லை. அதற்குமேல் விகிதம் படிப்படியாக ஏறும். அறுபது வயதான, வருமானம் இல்லாத பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைக்கு வரியில் ஒரு கழிவு, அதாவது சலுகை, உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. இந்தப் பிள்ளைதான் என்னைப் பார்க்கிறது என்று அம்மாவே கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆண்டுதோறும் அந்தக் கையெழுத்து, அம்மாவோடு இருக்கும் தம்பிக்குப் போனது. மாதாமாதம் காசு அனுப்பியவள் இவள்.

பக்கத்தில் இருந்த மதுரைக்காரர் சிரித்தார். "எங்க வீட்ல அப்படி ஒரு பேப்பர் இருந்திருந்தா, அண்ணன் தம்பி நாலு பேரும் கோர்ட்டுல நின்னுருப்போம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அதால எனக்கு மிச்சம் வாறது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு, அக்கா. காசுக்காக இல்லை. என்னைப் பாக்கிறது இவள்தான் எண்டு அம்மா ஒருக்கா எழுதித் தரட்டும். அதுக்குப் பிறகு போனால் நான் விருந்தாளி இல்லை."

நானும் யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்குக் காசு அனுப்புகிறேன். இங்கே அதற்கு ஒரு கழிவும் கிடையாது. இந்த நாட்டு வரிப் படிவத்தில் அம்மாவைப் பற்றிய கேள்வியே இல்லை. அப்போது அதை ஒரு குறை என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் அன்று எல்லோருக்கும் மாம்பழம் வாங்கி வந்து வெட்டித் தந்தாள்.

மே மாதம் வரி அலுவலகம் அவளிடமும் தம்பியிடமும் விளக்கம் கேட்டது. ஒரே அம்மாவுக்கு இருவரும் கழிவு கேட்டிருந்தார்கள். மகளிடம் மறுக்க முடியாமல் அவளுக்குக் கையெழுத்திட்ட அம்மா, அதற்கு முன்பே வழக்கம்போலத் தம்பிக்கும் கையெழுத்திட்டிருந்தார். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இருவருக்கும் கழிவு இல்லை என்று முடிவாயிற்று.

தம்பி அவளோடு பேசுவதை நிறுத்தினான். அம்மா தொலைபேசியில் பேசியதை அவள் சாப்பாட்டு மேசையிலேயே எனக்குச் சொன்னாள். "நீ வர வேண்டாம் எண்டு சொன்னவா. நான் வந்தால் தம்பி பெண்சாதி பிள்ளைகளோட வீட்டை விட்டுப் போயிடுவானாம். இனி ஒருத்தருக்கும் கையெழுத்துப் போடமாட்டாவாம்."

"போய் நேரில கதைச்சுப் பாரன்" என்றேன்.

"எந்த வீட்டில போய் நிண்டு கதைக்கிறது?"

அவள் சோற்றை மூடி வைத்துவிட்டு, வேலையை விடுவதாகக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்டாள். மேலாளரிடம் விசாரித்தேன். அவளுடைய பகல் வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்தாகிவிட்டது; இரவு வேலை மட்டும் இருந்தது. அவள் சரி என்றாள். ஜூலையிலிருந்து அவள் இரவில் வருகிறாள். நான் அவளைப் பார்ப்பதில்லை.