நடுவில் ஓர் ஆள் இடம்

ஞாயிறு காலை 7.35க்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். தோளில் கேமரா பை, கையில் முக்காலி, கக்கத்தில் படத்துக்குப் பின்னணியாகக் கட்டும் நீலத் துணி, சுருட்டியபடி. உட்கார இடம் கிடைத்தது. கல்யாணப் புகைப்படக்காரனுக்கு அன்றைக்குக் கிடைக்கும் கடைசி இருக்கை அது. திருநின்றவூர் பதினான்கு கிலோமீட்டர், அரை மணிக்கும் குறைவு.

கல்யாணம் ரோஸிக்கும் கவிதாவுக்கும். இருவரும் பெண்கள். இப்படிப்பட்ட ஜோடிக்குப் படம் எடுப்பது எனக்கு மூன்றாவது முறை. முதலில் சேக்காட்டிலிருந்து இரண்டு பையன்கள் கூப்பிட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அதை மறைப்பானேன். போனேன். மற்றவர்களுக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம், அதே ஆல்பம். அதிலிருந்து ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்கள்.

8.20. வாடகை வீட்டின் மொட்டை மாடியில் பந்தல். வந்திருந்தவர்கள் பதினோரு பேர், அத்தனை பேரும் நண்பர்கள். கவிதாவுக்குப் பெற்றோர் இல்லை. ரோஸிக்கு இருக்கிறார்கள், நசரத்பேட்டையில். "எனக்கு மகளே இல்லை" என்று அப்பா சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அம்மாவுக்கு வர ஆசை, வர வழியில்லை. அதற்குத்தான் ஓர் ஏற்பாடு. எங்கள் தொழிலில் சாதாரணமாகச் செய்வதுதான்: வர முடியாதவரைத் தனியாகப் படமெடுத்துக் குடும்பப் படத்தில் சேர்த்துவிடுவோம். லீவு கிடைக்காத துபாய் அண்ணன், செத்துப்போன தாத்தா என்று எத்தனையோ பேரைக் கல்யாணத்துக்கு வரவழைத்த புண்ணியவான் நான்.

10.15க்கு மாலை மாற்றினார்கள். பிறகு நீலத் துணியைக் கட்டி, ஓரத்தில் ஓர் ஆள் இடம் விட்டு இருவரையும் எடுத்தேன். சேர்க்கிற ஆளை எப்போதும் ஓரத்தில்தான் வைப்போம், வேலை சுலபம். ரோஸி அந்த வெற்றிடத்தின் பக்கம் சாய்ந்தபடியே நின்றாள்.

"அண்ணா, அம்மா என்ன கலர் புடவை கட்டியிருக்காங்கன்னு பாத்து சொல்லுங்க" என்றாள்.

11 மணிக்கு நசரத்பேட்டைக்கு ஆட்டோ. நேமம், திருமழிசை வழியாகச் சுமார் பதினைந்து கிலோமீட்டர், நானூறு ரூபாய்.

"இன்னா சார், கல்யாண ஊட்ல சாப்டாம கெளம்பிட்ட?" என்றார் ஓட்டுநர்.

"பொண்ணோட அம்மாவைப் படம் எடுக்கணும்."

"அம்மா கல்யாணத்துக்கு வரலியா? பெத்தவளுக்கு அப்டி இன்னா வேல?"

கேமரா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

11.45. கதவைத் தட்டுவதற்கு முன்பே ரோஸியின் அம்மா ஸ்டெல்லா திறந்தார். காலையில் சர்ச்சுக்கு என்று சொல்லிக் கட்டிய அரக்குப் பட்டைக் களையாமல் காத்திருந்தார். கணவருக்கு அன்றும் ஷிப்ட், இரண்டு மணிக்குத்தான் வருவார். மாடியில் துணியைக் கட்டினேன்.

"ரோஸி எந்தப் பக்கம் நிக்கறா தம்பி?"

"உங்க இடது பக்கம்மா."

"அந்தப் பொண்ணு?"

"ரோஸிக்கு அந்தாண்ட."

"அப்போ அதுக்கு என் கை எட்டாதே. நான் நடுவுல நிக்கறேன். ரெண்டு பேரு தோள்லயும் கை போட்டாதானே நான் ஏத்துக்கிட்டேன்னு அதுக்குத் தெரியும்?"

எடுத்துவந்த படத்தில் நடுவே இடமே இல்லை. முடியாதும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிவிட்டார்.

"ரோஸி என் காது வரைக்கும் இருப்பா. அந்தப் பொண்ணு?"

"ரெண்டு இன்ச் கம்மி."

வலது கை கொஞ்சம் இறங்கியது. எட்டுப் படம் எடுத்தேன். கிளம்பும்போது, "ஒட்டினது தெரியாம செஞ்சிடுவியா?" என்று கேட்டார். தெரியாதும்மா என்றேன். வெளியே வந்ததும் ரோஸிக்குப் போன் செய்தேன். "அரக்குப் பட்டு. மாலையைக் கழட்டிடாதீங்க, திரும்ப வரேன்."

அதே ஆட்டோ, இன்னொரு நானூறு. 1.15க்கு மீண்டும் மொட்டை மாடி. பதினாறு வருடமாக ஜோடிகளைப் பார்த்து "கிட்ட வாங்க, இன்னும் கிட்ட" என்று கத்திய வாய் இது. அன்றைக்கு, "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்றது.

கவிதாவின் முகம் சுண்டிவிட்டது. "ஏண்ணா?"

"அம்மா நடுவுல நிப்பாங்களாம். உன் தோள்லயும் கை போடணுமாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ரோஸிதான் தூக்கி நிறுத்தினாள். ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். கவிதா தன் தோளைத் தொட்டு, "கை இங்க வருமா?" என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து மாலையை ஒதுக்கிக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு 3.05 ரயிலைப் பிடித்தேன். அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. இருபத்துமூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதிப் பேர் யாரென்று எனக்கே தெரியாது. ஆவடி தாண்டியதும் கேமராவைத் திறந்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் இடம் இருக்கிறது, மற்றதில் கைகள் இருக்கின்றன. ஒட்டினது தெரியாமல் செய்துவிடுவேன், அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் இந்த ஒரு படத்திலாவது எனக்கு அந்த வேலை இல்லாமல் போயிருக்கலாம் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.