நெருப்புக்கோழி விவகாரமும் ஜான்சியும்

ஜான்சி எங்கள் எதிர்வீடு. ஊரப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். பிறந்து வளர்ந்தது தாம்பரம் ரயில்வே லைன் ஓரம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். கடையில் எந்தக் கிழவர் வந்து எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் மாத்திரையைப் பிரித்துக் காட்டுவாள். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது, நான் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவள் மகள் ஜோசலின். மூன்று வயது. சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளும். ஏதாவது வேடிக்கை காட்டினால்தான் வாய் திறக்கும். நம் வீடுகளில் எந்தக் குழந்தைதான் காக்காய் பார்க்காமல் சாப்பிட்டது? ஆனால் ஜோசலினுக்குக் காக்காய் அலுத்துவிட்டது. ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய் எக்ஸ்பிரஸ் காட்டினாள், போர்வெல் லாரி காட்டினாள், தெருவில் ரோடு போடும் மெஷினைக்கூடக் காட்டினாள். தயிர்சாத டப்பா இல்லாமல் ஜான்சி வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை.

போன கோடை விடுமுறையில் ஜான்சியும் கணவன் ஆல்வினும் கேளம்பாக்கம் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் விலங்குப் பூங்காவுக்குக் குழந்தையோடு போனார்கள். வாசலிலேயே போர்டு: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. ஜான்சி டப்பாவை டயப்பர் பைக்குள் வைத்துக்கொண்டாள். பசிக்கிற குழந்தைக்குக் கொஞ்சம் சோறு, அது உணவில் சேருமா என்று நினைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நெருப்புக்கோழி அடைப்புக்கு முன்னால் ஒரு குட்டைச் சுவர். அதன்மேல் குழந்தையை உட்காரவைத்து, "அதோ பாரு, எவ்ளோ பெரிய கோழி" என்று ஒரு வாய் நீட்டினாள். கம்பிவலையில் ஓர் இடத்தில் கிழிசல். கோழி அதன் வழியாகக் கழுத்தை விட்டது. சோற்றைக் கொத்த வந்தது குழந்தையின் சட்டையைக் கவ்வி இழுத்துவிட்டது. குழந்தை சுவருக்கும் வலைக்கும் நடுவே சரிந்து, கம்பி கையைக் கிழித்தது. அந்தப் பக்கத்தில் கோழி காலால் வலையை உதைத்துக்கொண்டிருந்தது. அந்த உதை குழந்தை மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

தீவனம் எடுக்கப் போயிருந்த பராமரிப்பாளர் கதிரேசன் ஓடிவந்து, தன் சட்டையைக் கழற்றிக் கோழியின் தலைமேல் போட்டு மூடினார். கண் தெரியாமல் போனதும் அது பிடியை விட்டது. குழந்தையின் கையில் தையல் போட்டார்கள். பிழைத்தது.

ஆனால் யாரோ எடுத்த வீடியோ சும்மா இருக்குமா? கோழி குழந்தையை இழுக்கிற இடத்திலிருந்துதான் அது ஆரம்பம். டப்பா அதில் இல்லை. பாதி ஊர், அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றது. மீதி ஊர், காவலுக்கு இருந்தவன் டீ குடிக்கப் போய்விட்டான் என்றது. ஒரு டிவியில், குற்றவாளி தாயா, பூங்காவா என்று விவாதம் வைத்தார்கள். ஆளுக்கொரு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். ஒருத்தருக்கும் அந்த இடம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் மூன்றாம் மாடி ஸ்ரீநிவாசராகவன் சார், இந்தக் காலத்துத் தாய்மார்களைப் பற்றி ஒரு முழ நீளத்துக்கு எழுதினார். "சார், உங்க பிள்ளைங்களுக்கு நீங்க எத்தனை வேளை ஊட்டினீங்க?" என்று கேட்டேன்.

ஜான்சி வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். கடைக்கும் லீவு. பால் வாங்க இறங்கினாலும் குழந்தை இடுப்பில்தான். வீட்டு வாசலைத் தாண்டினால் அதைக் கீழே இறக்கிவிட அவளுக்குக் கை வரவில்லை.

தையல் பிரித்த பிறகு, நன்றி சொல்ல வேண்டும் என்று பூங்காவுக்குப் போன் செய்தாள். கதிரேசன் வேலையில் இல்லை என்றார்கள். காவலில் இல்லாததற்காக நிறுத்திவைத்திருக்கிறார்கள், விசாரணையில் முடிவாகும், நீங்களும் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள்.

அன்று மாலை என்னிடம் வந்து டப்பா விஷயத்தைச் சொன்னாள்.

"வாயைத் திறக்காதேங்கறாரு அக்கா ஆல்வின். சோறு கொண்டுபோனேன்னு தெரிஞ்சா ஊரே என்னைக் கிழிச்சிடும். ஆனா நான் சொல்லலன்னா அந்த அண்ணன் வேலை போயிடும்."

ஆல்வினைக் குறை சொல்ல மாட்டேன். பெண்டாட்டியை ஊர் திட்டுவதைப் படித்துப் படித்து அவன் பாதியாகிவிட்டிருந்தான். "உனக்கு என்ன தோணுதோ செய். நான் துணைக்கு வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை பூங்கா ஆபீசில் நடந்தது. நிர்வாகத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மேற்பார்வையாளர் அசரியா, ஓரமாகக் கதிரேசன். ஜான்சி உட்காரவே இல்லை.

"சார், போர்டைப் பாத்துட்டுத்தான் டப்பாவை ஒளிச்சு எடுத்துட்டுப் போனேன். சுவர் மேல உக்கார வெச்சதும் நான். கோழி சோத்துக்குத்தான் வந்துச்சு. இவரு மேல எந்தத் தப்பும் இல்ல. இவரு இல்லன்னா என் பொண்ணு இல்ல."



கதிரேசன் எழுந்தார். "அந்தம்மா மேல மட்டும் போடாதீங்க சார். வலை கிழிஞ்சிகீதுன்னு எனக்குத் தெரியும். அது பக்கம் ஜனங்கள விட்டுட்டு நான் போயிருக்கக் கூடாது."

"தெரிஞ்சும் ஏன் மேல சொல்லல?" என்றார் பெரியவர்.

அப்போது அசரியா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் சொன்னார் சார். என்கிட்டதான். கூட்டம் குறையட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு தள்ளிப்போட்டது நான்."

பெரியவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ நான் யார் மேல தப்புன்னு எழுதறது?"

"மூணு பேர் மேலயும் எழுதுங்க சார்," என்றாள் ஜான்சி. "ஆனா யாரையும் வேலையை விட்டு எடுக்காதீங்க. இந்த வலையை இனிமே எங்க மூணு பேரைவிட யாரு ஒழுங்கா பாத்துக்குவாங்க?"

பெரியவர் அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் கதிரேசன் வேலைக்குத் திரும்பினார். அசரியாவுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. டப்பா விஷயம் வெளியே வந்ததும் ஜான்சியைக் கிழிக்க வேண்டியவர்கள் கிழிக்கத்தான் செய்தார்கள். அவள் படிக்கவில்லை. கடைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கதிரேசனிடமிருந்து போன். "புது வலை போட்டாச்சும்மா. சுவத்தையும் தள்ளிக் கட்டிகீறோம். பாப்பாவைக் கூட்டிகினு வாங்க. நீங்களே பாத்து சரின்னு சொல்லணும்."

ஆல்வினும் நானும் கூடவே போனோம். கோழிகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. கதிரேசன் சுவருக்கு உள்பக்கம் அவளை அழைத்துப் போனார். இடுப்பில் குழந்தை இருந்ததால் ஜான்சி ஒரு கையால் வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. காலால் உதைத்தாள். இன்னும் பலமாக உதைத்தாள். கதிரேசன் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வெளியே வந்து, சுவருக்கு இந்தப் பக்கம், ஜோசலினை இடுப்பிலிருந்து தரையில் இறக்கிவிட்டாள்.