கயிற்றைப் பிடித்திருந்த அண்ணன்

காலை 6.30. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் எழுபத்தொரு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். நேமத்தில் சிக்னலுக்காக முக்கால் மணி நேரம் நிறுத்திப்போட்டார்கள். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே கடுப்பில்தான் இருந்தேன். மலைவாழ் மக்களின் ஓவியக் கண்காட்சிக்கு அன்றுதான் திறப்பு விழா.

9.10. ஆட்டோக்காரர் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த தமிழர். மியூசியம் பக்கத்து மண்டபத்துக்கு அறுபது ரூபாய் கேட்டார். "படம் பார்க்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வாறீங்க? கொள்ளாமே!" என்று சிரித்தார். "மந்திரி வாறாருன்னு ரோடு பிளாக்கு, கேட்டோ. சுத்தித்தான் போகணும்." சுற்றினார், கூடக் கேட்கவில்லை. அன்று என் கோபத்துக்குத் தப்பியவர்களில் அவர் ஒருவர்.

9.40. மண்டபத்தில் பெரிய படம் ஒன்றின் முன்னால் ஒரு பெண் அசையாமல் நின்றிருந்தார். பெயர் மாதி. கோத்தகிரிக்கு அப்பால் மலைச்சரிவில் உள்ள குறும்பர் ஊர். படம் அவர் வரைந்தது. வேங்கை மரப் பாலில் செம்பழுப்புப் பாறை, இலைச்சாற்றில் காடு, பாறை முழுக்கத் தேனடைகள். நடுவே கயிற்றில் ஒருவர் தொங்குகிறார்.

"இது எங்க வீட்டுக்காரரு," என்றார் மாதி. "எங்க அண்ணனைத்தான் காணோம்."

நான் விழித்தேன். அவரே விளக்கினார். தேன் எடுக்கப் பாறையில் இறங்குகிறவரின் கயிற்றுக்கு மேலே காவல் இருப்பது மனைவியின் உடன்பிறந்தவர். "வேற ஆளை நம்பி இறங்க மாட்டாங்க. தங்கச்சி புருசனை எந்த அண்ணன் கைவிடுவான்?"

அந்த அண்ணன் படத்தின் உச்சியில், மரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். இப்போது கயிறு பிரேமின் விளிம்பில் முடிந்துவிட்டது.

அமைப்பாளர் செல்போனும் கையுமாக வந்தார். "எல்லாம் ஒரே சைஸ் பிரேம் அல்லே சேச்சி? மேல கொறச்சு கட் செய்தோம். ஒரு மரமும் ஒரு ஆளும்தானே போச்சு. தேனெடுக்கிறது முழுக்க உண்டல்லோ."

"வெட்டின துண்டு எங்கே?" என்று கத்தினேன்.

"வேஸ்ட்ல போயிருக்கும் சாரே. மந்திரி வந்து போகட்டும், பின்னே நோக்கலாம்."

எங்கள் ஊர் பிரேம் கடைக்காரர் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தலையை வெட்டிக் கண்ணாடி போடுவாரா? வாசலில் 'இயற்கையோடு இணைந்த வாழ்வு' என்று ஆளுயரத்துக்கு எழுதிவைக்கத் தெரிந்தவர்களுக்கு, வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

"ரெண்டு மணிக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸு," என்றார் மாதி. "இவரை இப்படித் தொங்கவிட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

10.50. வெளியே சைரன் கேட்டது. வரைந்து காட்டுவதற்காக மேசையில் தேங்காய்ச் சிரட்டைகளில் சாயம் வைத்திருந்தார்கள். மாதி வேங்கைப் பால் சிரட்டையை எடுத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். கயிறு பிரேமைத் தாண்டி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஏறியது.

"சேச்சி, சுவரு! சுவரு!" என்று அமைப்பாளர் அலறினார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். மேலே ஒரு மரம் வந்தது. மரத்தடியில் ஓர் ஆள், இரண்டு கையிலும் கயிறு.

மந்திரி அந்தப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். "எங்களோட புதிய ஐடியா," என்று அமைப்பாளர் கூசாமல் சொன்னார்.

பகல் 1.15. கிளம்பும்போது மாதி அமைப்பாளரைக் கூப்பிட்டார். "படத்தைக் கழட்டுற நாளைச் சொல்லுங்க. எங்க அண்ணனே வருவாரு. அவரு கை வெக்காம இவரை யாரும் எறக்கக் கூடாது."

அமைப்பாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்காட்சி பத்து நாள்தான். கடைசி நாளன்று நானும் மறுபடி நாற்பத்தைந்து ரூபாய்க்கு டிக்கெட் எடுப்பேன். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க வாளியோடு யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன்.