பெனிசிலின் ஆகாத பிள்ளை

என் மகள் மித்ரா இடது காலைத் தரையில் வைக்காமல் நின்றதைத்தான் முதலில் கவனித்தேன். பாலர் பள்ளி வேன் வந்துவிட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். பள்ளிக்குப் போக மனமில்லாமல் ஏதோ செய்கிறாள் என்று நினைத்து, காலை நீவிவிட்டு வேனில் ஏற்றினேன். மதியம் அவளுக்குக் காய்ச்சல் என்று சரோஜா அக்கா என் வேலையிடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

நாங்கள் மலேசியாவில் ரந்தாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். நான் நீலாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் திரும்பும்வரை மித்ராவைப் பார்த்துக்கொள்வது அடுத்த வீட்டுச் சரோஜா அக்காதான். அவருடைய மகன் கவினுக்கு மித்ராவைவிட ஒரு வயது அதிகம். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே தொட்டாலே அலறினாள். சிரம்பான் மருத்துவமனையில் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அதைக் கேட்டு நிம்மதியானேன். பிறகு எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. ஆஸ்டியோமைலிட்டிஸ் (எலும்புக்குள் கிருமி புகுந்து அழற்சி உண்டாக்குவது) என்றார் மருத்துவர். மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் எலும்பைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். எலும்பு வளரும் முனை கெட்டுப்போனால் அந்தக் கால் குட்டையாகிவிடலாம். அவர் மென்மையாகத்தான் சொன்னார். எனக்குக் கடைசி வாக்கியம் மட்டுமே காதில் நின்றது.

ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்கள். நான் தயாராக வைத்திருந்த பதில் அது. பெனிசிலின். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். பொறுப்பான தாய் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று நம்பியிருந்தேன்.

அதனால் வான்கோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக் (கிருமிகளை அழிக்கும் மருந்து) ஊசிக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட இடமில்லாமல் அவள் கையெல்லாம் கன்றிப்போனது. காய்ச்சல் குறைவதுபோல் குறைந்து மறுபடி ஏறியது. பிறகு இரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்த கிருமியின் முடிவு வந்தது. சாதாரணக் கிருமிதான், கிளாக்சசிலின் என்ற பழைய மருந்துக்கே நன்றாக அடங்கும். ஆனால் கிளாக்சசிலின் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதைவிடப் பெரிய மருந்து கொடுக்க முடியாதா என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "பெரிய மருந்துன்னு ஒண்ணு இல்லம்மா. இந்தக் கிருமிக்குச் சரியான மருந்து எதுங்கிறதுதான் கேள்வி."

அவர் மருந்துத் தகவல் பிரிவைக் கூப்பிட்டார். அப்படியொரு பிரிவு மருத்துவமனையில் இருப்பதே எனக்குத் தெரியாது. எந்த மருந்து யாருக்கு ஆகும், எதனுடன் எது சேரக்கூடாது என்று மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தேடிப் பதில் சொல்லும் மருந்தாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அங்கிருந்து திவ்யா என்ற பெண் வந்தார். என்னைவிட இளையவர். கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தப் பழைய கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

மித்ராவுக்கு ஒரு வயதாகும்போது காய்ச்சல் வந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமோக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அவ்வளவுதான் என்றேன்.

திவ்யா எழுதுவதை நிறுத்தினார். "காய்ச்சல் விட்டதுக்கப்புறம் சிவந்துச்சா, காய்ச்சல் இருக்கும்போதேவாக்கா?"

விட்ட பிறகுதான்.

"அப்போ வீட்டுல என்ன செஞ்சீங்க? வேப்பிலை கட்டுனீங்களா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கட்டினோம். அம்மை என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். தாளிக்காமல் சமைத்தோம். அம்மை கண்ட உடம்புக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்று சிரப்பை நிறுத்தினோம். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குப் போய்வந்தோம். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போனபோது தாதி விசாரித்தார். படித்தவள் நான், அம்மை என்று எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. மருந்து குடிக்கும்போது சிவந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒவ்வாமை என்று பதிந்துகொண்டார். வீட்டில் அம்மை, கிளினிக்கில் அலர்ஜி. இரண்டும் ஒரே சிவப்பைப் பற்றியவை என்று யாரிடமும் நான் சேர்த்துச் சொன்னதே இல்லை.

குழந்தைகளுக்கு வரும் சில வைரஸ் காய்ச்சல்கள் விடும்போது இப்படிச் சிவக்கும் என்றார் திவ்யா. ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. அதன்பிறகு எப்போதாவது அந்த வகை மருந்தைக் குடித்திருக்கிறாளா? இல்லவே இல்லை என்றேன். வேறு யாராவது கொடுத்திருக்கலாமா என்று கேட்டார். என் பிள்ளைக்கு எனக்குத் தெரியாமல் யாரும் மருந்து கொடுக்கமாட்டார்கள் என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன்.

அன்று பார்வையாளர் நேரத்தில் சரோஜா அக்கா கஞ்சி கொண்டுவந்தார். நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் எப்போதும் குறுக்கே பேசிக்கொண்டே கேட்பவர். அன்று கஞ்சிப் பாத்திரத்தின் மூடியையே திருகிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தும் கிளம்பவில்லை. என்னை நடைபாதைக்கு வரச் சொன்னார்.

"நா ஒண்ணு சொல்றேன். திட்டுறதுன்னா அப்புறம் திட்டு," என்றார். "போன வருசம் ரெண்டு பேருக்கும் சளி காய்ச்சல் வந்துச்சுல்ல. கவினுக்குக் கிளினிக்ல ஒரு சிரப் குடுத்தாங்க. ஒரே இருமல்தானே லா, ஒரே மருந்துதானேன்னு, இவளுக்கும் அதுலயே ஊத்தினேன். பாட்டில் முடியுற வரைக்கும்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ ஒரு தும்மலுக்கே லீவு போடுற ஆளு. பயந்துருவேன்னு சொல்லல. அப்புறம், பிள்ளைய வேற எடத்துல விட்ருவேன்னு சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டு வரிசையில் மிச்ச மருந்து வீடு விட்டு வீடு போவது எனக்குத் தெரியாதது அல்ல. கறிவேப்பிலை கேட்பதுபோல் கேட்பார்கள். ஆனால் என் மகள் உயிரோடு விளையாட்டா? அப்படிக் கேட்க வாயெடுத்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் உறைத்தது. மித்ராவுக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அக்காவையே திவ்யாவிடம் அழைத்துப் போனேன். திவ்யா கவினின் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அதே அமோக்சிசிலின்தான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நீங்க செஞ்சது தப்பு. சளிக்கு அந்த மருந்தே தேவைப்பட்டிருக்காது. ஆனா இத மறைக்காம சொன்னீங்க பாருங்க, நாங்க எத்தனை புத்தகம் தேடினாலும் இது கெடைச்சிருக்காது."

"இனிமே தொடவே மாட்டேம்மா," என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். அவசர மருந்துகளைக் கட்டிலருகே தயாராக வைத்துக்கொண்டு, மித்ராவின் வாயில் அமோக்சிசிலினை முதலில் கொஞ்சமாக ஊற்றினார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். நான் அவள் கழுத்து, வயிறு, முதுகு என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கொசுக்கடியும் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவளோ சட்டையைத் தூக்காதே அம்மா, கூச்சமாக இருக்கிறது என்றாள். ஒன்றும் வரவில்லை. அன்றே கிளாக்சசிலின் தொடங்கினார்கள்.

காய்ச்சல் இம்முறை இறங்கி அப்படியே நின்றது. எலும்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வாரக்கணக்கில் ஊசி, பிறகு வீட்டில் மாத்திரை. வலி போன பிறகும் மருந்தை நிறுத்தக்கூடாது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறேனே என்று ஒரு மனம். ஒரு வேளை மருந்து தப்பினால் என்ன ஆகும் என்று இன்னொரு மனம். சந்தேகம் வரும்போதெல்லாம் திவ்யாவின் பிரிவுக்கு அழைத்தேன். ஒருநாளும் அவர்கள் சலித்துக்கொண்டதில்லை.

இதே நிலையில் இருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒவ்வாமை உண்மையா என்று நீங்களே சோதிக்காதீர்கள். அது மருத்துவமனையில் செய்ய வேண்டியது. ஆனால் கேளுங்கள். கேட்டால், வேப்பிலை கட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் உங்களிடம் பயப்படாமல் பேசும்படி இருங்கள். இதை நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மித்ரா இன்னும் அக்காவிடம்தான்; வேறு யாரிடமும் விடவில்லை. அதற்கு என் கணவரிடமும் என்னிடமுமே நிறையப் பேச வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் அவளைக் குளிப்பாட்டும்போது இடது காலில் என் கை கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. வெளியே ஒரு தழும்பும் இல்லை. உள்ளே எலும்பு தன் போக்கில், என் அவசரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வேகத்துக்கு நான் காத்திருக்கக் கற்க வேண்டும்.

சென்ற வாரம் வேலையிடத்தில் இருந்தபோது அக்கா அழைத்தார்.

"ஒண்ணும் இல்ல, பதறாத. பசங்கல்லாம் திடல்ல ஓடுதுங்க. இவளும் ஓடணுமாம். டாக்டர் விளையாடலாம்னு சொன்னாருதான். இருந்தாலும் உன்னக் கேக்காம விடமாட்டேன்னுட்டேன். மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு நிக்குது."

"விடுங்கக்கா, ஓடட்டும்," என்றேன்.

அக்கா அவளிடம் ஏதோ சொன்னார். நான் போனை வைக்கவில்லை. முதலில் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு காலணி இல்லாத இரண்டு கால்கள் வாசல் சிமெண்டில் தப்தப்பென்று, இரண்டும் ஒரே அளவு சத்தமாக, தூரமாகப் போய்க்கொண்டிருந்தன.