ருக்மிணம்மாவின் கையெழுத்து

1936 ஜூன் 15, திங்கட்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஆனி மாதத்திலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடக்க வேண்டிய ஊர் மைசூர். இதைத் திருச்சிக்கு எழுதினால் யாரும் நம்புவதில்லை. ஆறரைக்குக் காபி. ஏழுக்கு, முந்தின நாள் தேதியிட்ட மதராஸ் பத்திரிகை. பத்துக்குப் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பேட்டி.

வேலை இதுதான்: வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்பவர்களின் மனுவைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதித் தருவது. நான் குமாஸ்தாவாக இருக்கும் பட்டு ஏஜென்சியை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். நாற்பத்தாறு வயதில் வேறு இடம் எளிதில் கிடைக்காது. ஆனாலும் பயமில்லை. திருச்சியில் பதினெட்டு வருஷம் கடன் கொடுக்கும் நிதிக் கம்பெனி ஒன்றில் பத்திரம் படித்தவன் நான்.

மானேஜர் கன்னடக்காரர், தமிழ் பேசுவார். அக்ரஹாரத்து வீடு ஒன்றின் மனுவைக் கொடுத்து, அரை மணி நேரம் விட்டார். அண்ணன் தம்பி இருவர் கையெழுத்திட்டிருந்தார்கள். இறந்துபோன மூன்றாவது சகோதரருக்குப் பிள்ளை குட்டி இல்லை. வில்லங்கம் ஏதுமில்லை, கொடுக்கலாம் என்று எழுதி நீட்டினேன்.

அவர் சிரித்தார். "ஏன்ரீ, ருக்மிணம்மான்னு ஒருத்தர் இருக்காரல்லா, கண்ணிலே படலையா?"

"செத்துப்போனவர் சம்சாரங்க சார். சோறு துணி குடுத்தாப் போதும். பங்கு கிடையாதே."

"அது உங்க திருச்சிராப்பள்ளியிலே. இங்கே மூணு வருஷமா பங்கு உண்டு. காவேரி இங்கிருந்துதான்ரீ உங்க ஊருக்கு வருது. இதுவும் வரும், ஸ்வல்ப நேரமாகும்."

சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். என் குறிப்பை அடித்துவிட்டு, ருக்மிணம்மா கையெழுத்திடாமல் கடன் கூடாது என்று எழுதினேன். அந்த அம்மாள் மறுத்தால் என்ன செய்வீர் என்று கேட்டார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, மனுவைத் திருப்பிவிடுவேன் என்றேன். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்.

சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். சயாஜி ராவ் சாலையில் நடக்கும்போதுதான் உறையூர் வீடு நினைவுக்கு வந்தது. தம்பி இறந்த மறு வருஷம் அண்ணனும் நானும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். பாகப் பத்திரத்தின் வரைவு என் கையெழுத்துதான். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. தம்பி மனைவி செல்லம்மாளுக்கு அதில் ஒரே வரி: ஆயுள் வரை அன்னவஸ்திரம். அன்று எங்கள் இருவருக்கும் சோறு பரிமாறியதும் அவள்தான். இன்னும் அண்ணன் வீட்டுச் சமையலறையில்தான் இருக்கிறாள்.

மறுநாள் காலை, நடக்கப் போவதற்கும் முன்னால், அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். என் பாதியில் மூன்றில் ஒரு பாகத்தைச் செல்லம்மாள் பெயருக்கு மாற்றப் போகிறேன். நீங்களும் அவ்வளவு கொடுத்தால் மூவருக்கும் சமமாகும். மைசூர்ச் சட்டம் தருவது இதைவிடக் குறைவு. திருச்சிச் சட்டம் ஒன்றும் தராது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.