வாட்டர்லூவில் ஒரு பீரங்கி வெடி

போன சனிக்கிழமை பெல்ஜியத்தில், வாட்டர்லூ போர்க்களத்துப் புல்லில் நான் குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் என் மனைவி வசந்தி. அவளுக்கு அடியில் எங்கள் மகள் மதுரா...

முறையாகவே சொல்கிறேன்.

கனடாவின் மொன்றியலில் இருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் நெப்போலியன் போர்க்களச் சுற்றுலா அது. பஸ் நிறைய ஓய்வுபெற்ற கியூபெக்காரர்கள். தமிழ்க் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். மதுரா பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள்; ஆசை அவளுடையது.

வசந்திக்குச் சம்மதமில்லை. புறப்படுமுன், மொன்றியலை ஒட்டிய கர்க்லாண்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பெரிய வாக்குவாதம்.

“சண்டை நடந்த இடத்தைக் காசு குடுத்துப் பாக்கிறதோ? நாங்கள் காசு குடுத்தெல்லோ அதுக்குள்ள இருந்து வெளிய வந்தனாங்கள்!”

“அதைத்தானம்மா நீங்கள் ஒருநாளும் சொல்லுறேல்லை. நெப்போலியன்ர கதை முழுக்க எனக்குத் தெரியும். உங்கட கதைதான் தெரியாது.”

“பேந்து கதைப்பம்.”

மதுராவுக்கு விவரம் தெரிந்த நாள் முதல், பிறகு பேசலாம் என்ற இதே பதில்தான். கேட்பதை அவளும் விடவில்லை.

வாட்டர்லூவில் வழிகாட்டிப் பெண் ஏதோ அறிவித்தார். நாங்கள் கூட்டத்தின் பின்னால் நின்று, பாரிஸ் மச்சாள் கட்டித்தந்த கட்லட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். அறிவிப்பை யார் கேட்டது? அந்தக் காலத்துச் சீருடை போட்ட சிலர், பழைய பீரங்கி ஒன்றுக்குத் தீ வைத்தார்கள்.

டமார்!

பஸ்ஸில் வந்த மற்ற அத்தனை பேரும் போனை உயர்த்தினார்கள். நாங்கள் விழுந்தோம். நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, வாயைத் திறந்து, காதைப் பொத்தி — ஊரில் குண்டுவீச்சுக்கு இப்படிப் படுத்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒழுங்கு பிசகவில்லை. வசந்தி மட்டும் தன் காதை விட்டுவிட்டு மகளின் காதைப் பொத்தியிருந்தாள்.

“அம்மா, மூச்சு முட்டுது! எல்லாரும் பாக்கினம்!”

“தலையை உயத்தாதை பிள்ளை!”

புகை கலைந்தது. சிலர் கைதட்டினார்கள் — நாங்களும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். வழிகாட்டி ஓடி வந்து தூக்கிவிட்டார். நாங்கள் படுத்த விதத்தைக் கவனித்திருக்கிறார். “நீங்கள் எந்தப் படையில் இருந்தீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

வசந்தி உடுப்பில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். அவளும் பிரெஞ்சிலேயே சொன்னாள்: “படை இல்லை, மதாம். நாங்கள் சனம்.”

எந்தக் குதிரைப்படை எந்தப் பக்கத்தால் வந்தது என்று போர்க்களங்களில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் அகப்பட்ட சனம் எப்படிப் படுத்தது? நான் வாசித்த பலகைகளில் அது இல்லை.

வழிகாட்டி எல்லோரையும், போரின் நினைவாகக் கட்டிய சிங்கச் சிலை மேட்டுக்கு அழைத்தார். கூட்டம் போனது. மதுரா போகவில்லை. தாயின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.

“இப்பிடிப் படுக்க எங்க பழகினனீங்கள், அம்மா?”

வசந்தி என்னைப் பார்த்தாள்.

“பள்ளிக்கூடத்தில,” என்றாள். “ஆறாம் வகுப்பில. கிட்ட வா, சொல்லுறன்.”

அந்த மேட்டில் நாங்கள் ஏறவேயில்லை. அன்றைக்கு நெப்போலியன்தான் காத்திருக்க வேண்டியிருந்தது!